ஒரே விதி, இரண்டு இடம்: பிரவுசரும் சர்வரும் நிரலைப் பகிர்வது பற்றி

ஓர் ஆர்டர் ஃபார்மை எடுத்துக்கொள்வோம். பெயர், மொபைல் எண், பின்கோடு, மூன்று பொருள், ஜிஎஸ்டி சேர்த்த மொத்தம். பின்கோடு ஆறு இலக்கம், முதல் இலக்கம் பூஜ்யமாக இருக்கக் கூடாது. மொபைல் எண் பத்து இலக்கம், 6 முதல் 9 வரை ஏதாவது ஒன்றில் தொடங்க வேண்டும். இந்த விதிகள் பிரவுசரில் இல்லாவிட்டால், எல்லாவற்றையும் நிரப்பி பட்டனை அழுத்திய பிறகுதான் பயனருக்குத் தவறு தெரியவரும். சர்வரில் இல்லாவிட்டால் அதைவிட மோசம். பிரவுசரை ஒதுக்கிவிட்டு நேரடியாக ரிக்வெஸ்ட் அனுப்ப யாராலும் முடியும். ஆக ஒரே விதி இரண்டு இடத்திலும் வேண்டும். அதை இரண்டு பேர் தனித்தனியாக எழுதினால், சில மாதங்களில் இரண்டும் வேறு வேறு விதிகளாகிவிடும்.

2009-இல் ரையன் டால், ஜாவாஸ்கிரிப்டை சர்வரிலும் ஓட்டும் நோட்.ஜேஎஸ்-ஐக் கொண்டுவந்ததிலிருந்து இதற்கு நேரான வழி இருக்கிறது. விதியை ஒரு முறை எழுதி, இரண்டு பக்கமும் இம்போர்ட் செய்துகொள்ளலாம். அதற்கு மூன்று ஆண்டு முன்பே, ஜாவாவில் எழுதியதை ஜாவாஸ்கிரிப்டாக மாற்றும் கூகுள் வெப் டூல்கிட் வந்திருந்தது. வசதி பழையதுதான். எதைப் பகிரலாம், எதைப் பகிரக் கூடாது என்பதில்தான் குழப்பம். என் கருத்து இது: பகிரும் ஃபோல்டர்தான் புராஜெக்ட்டிலேயே ஏழ்மையான ஃபோல்டராக இருக்க வேண்டும். அதற்கு விண்டோ தெரியக் கூடாது, ஃபைல் தெரியக் கூடாது, டேட்டாபேஸ் தெரியக் கூடாது. இப்போது மணி என்ன என்பதுகூடத் தெரியக் கூடாது. உள்ளே கொடுத்ததை மட்டும் வைத்துக் கணக்கிட்டு விடை தர வேண்டும், அவ்வளவுதான்.

வேலி போடும் வேலை கம்பைலருக்கு

இந்தக் கட்டுப்பாட்டை ஆட்களின் ஞாபகத்தை நம்பி விடக் கூடாது. நோட் பேக்கேஜ்களை நிறுவும் கருவியான என்பிஎம்-இல், 7-ஆம் பதிப்பு முதல், ஒரே புராஜெக்ட்டில் பல பேக்கேஜ் வைக்கும் வொர்க்ஸ்பேஸ் வசதி இருக்கிறது. வெப் (பிரவுசர் பக்கம்), ஏபிஐ (சர்வர் பக்கம்), ஷேர்டு (பகிரும் நிரல்) என்று மூன்று பேக்கேஜ் போதும். ஷேர்டு பேக்கேஜின் டைப்ஸ்கிரிப்ட் (டைப் சேர்த்த ஜாவாஸ்கிரிப்ட்) கான்ஃபிக் ஃபைலில் இரண்டே மாற்றங்கள் செய்யுங்கள். 'லிப்' பட்டியலில் இஎஸ்2022 மட்டும் இருக்கட்டும், 'டாம்' (பிரவுசருக்கே உரிய டைப்கள்) வேண்டாம். 'டைப்ஸ்' பட்டியலைக் காலியாக எழுதிவையுங்கள். இரண்டாவதைத்தான் பலரும் மறக்கிறார்கள். அதை எழுதாமல் விட்டால், டைப்ஸ்கிரிப்ட் 5 வரிசைப் பதிப்புகள் நோட்_மாட்யூல்ஸில் கண்ணில் படும் எல்லா டைப் பேக்கேஜ்களையும் தாமாகவே இழுத்துக்கொள்ளும். ஏபிஐ பேக்கேஜுக்காக நிறுவிய நோட் டைப்கள் ஷேர்டுக்குள்ளும் வந்துவிடும். அப்புறம் 'புராசஸ்', 'பஃபர்' என்று எழுதினாலும் கம்பைலர் வாயைத் திறக்காது.

இரண்டையும் செய்துவிட்டால் 'விண்டோ', 'டாக்குமென்ட்', 'புராசஸ்' எல்லாமே சிவப்புக் கோடு. 'கன்சோல்' கூடக் கிடைக்காது. முதல் நாள் இது எரிச்சலாக இருக்கும், ஆனாலும் தளர்த்தாதீர்கள். கணக்கிடும் ஃபங்ஷனுக்குள் அச்சிட வேண்டிய தேவை வந்தால், அதை அழைக்கும் இடத்தில் அச்சிட்டுக்கொள்ளலாம்.

பேக்கேஜ் ஃபைலில் 'எக்ஸ்போர்ட்ஸ்' பகுதி எழுதும்போது வரிசை முக்கியம். நிபந்தனைகள் மேலிருந்து கீழாகப் பார்க்கப்படும், முதலில் பொருந்துவதே எடுக்கப்படும். 'டைப்ஸ்' முதலிலும் 'டீஃபால்ட்' கடைசியிலும் இருக்க வேண்டும். அங்கே 'பிரவுசர்', 'நோட்' என்று தனித்தனி ஃபைல் காட்டவும் வழி உண்டு. அதற்குத் தேவை வந்துவிட்டால், அந்த ஃபங்ஷன் ஷேர்டுக்குள் இருக்கக் கூடாதது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வெப் பக்கத்துக்கு ஏபிஐ-இன் டைப் மட்டும் தேவைப்படும் இடங்களில் 'இம்போர்ட் டைப்' என்றே எழுதுங்கள். டைப்ஸ்கிரிப்ட் 3.8 முதல் இது உண்டு; கம்பைல் ஆனதும் அந்த வரி மறைந்துவிடும். சாதாரண இம்போர்ட் என்றால், கருவியின் அமைப்பைப் பொறுத்து, ஏபிஐ ஃபைலும் அது இழுக்கும் டேட்டாபேஸ் டிரைவரும் சேர்ந்து பிரவுசருக்குப் போகும் நிரல் தொகுப்பான பண்டிலுக்குள் வர வாய்ப்பு இருக்கிறது.

ரகசியங்கள் வெளியே போவதும் இதே பாதையில்தான். ஷேர்டில் உள்ள ஒரு ஃபைல் கான்ஃபிக் ஃபைலை இம்போர்ட் செய்யும். கான்ஃபிக் ஃபைலில் பேமென்ட் சாவி இருக்கும். பில்டு செய்யும்போது, வீட் கருவி 'வீட்_' என்று தொடங்கும் மாறிகளையும், நெக்ஸ்ட் 'நெக்ஸ்ட்_பப்ளிக்_' என்று தொடங்குபவற்றையும் மட்டுமே பிரவுசருக்கு அனுப்பும். ஆனால் அந்த மதிப்புகள் பில்டு நேரத்திலேயே ஃபைலில் எழுத்தாகப் பதிந்துவிடும். 'பிரவுசரில் வேலை செய்யவில்லையே' என்று யாராவது ரகசியச் சாவிக்கு அந்த முன்னொட்டைச் சேர்த்துவிட்டால், பக்கத்தைத் திறக்கும் எவரும் அதைப் படிக்கலாம். இதற்கு எளிய காவல் ஒன்று உண்டு. சர்வருக்கு மட்டுமான கான்ஃபிக் ஃபைலில், வேறெங்கும் வராத ஒரு சொல்லை எக்ஸ்போர்ட் ஆகும் மதிப்புகளில் ஒன்றாக வையுங்கள். பில்டு முடிந்ததும் பிரவுசர் ஃபோல்டர் முழுவதும், சோர்ஸ் மேப் (மூல நிரலைக் காட்டும் ஃபைல்) உட்பட, அந்தச் சொல்லைத் தேடுங்கள். கிடைத்தால் டெப்ளாய் (வெளியீடு) நிற்கட்டும். அதோடு சாவிகளின் தொடக்க எழுத்துகளையும் தேடினால் முன்னொட்டுத் தவறும் மாட்டிக்கொள்ளும். கூப்பன் பட்டியலுக்கும் இதுவே நியதி. தள்ளுபடியைக் கணக்கிடும் ஃபங்ஷனைப் பகிரலாம். எந்தெந்தக் கூப்பன் செல்லும் என்ற பட்டியல் சர்வரிலேயே இருக்க வேண்டும்.

முதலில் பகிர வேண்டியது பணக் கணக்கு

ஜாவாஸ்கிரிப்டில் 19.99-ஐ 100-ஆல் பெருக்கினால் 1998.9999999999998 வரும். தசமத்தை வெட்டிவிட்டால் 1998. ஒரு பைசா போயிற்று. அதனால் தொகையை எப்போதும் பைசாவில், முழு எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். இது பலருக்கும் தெரிந்ததே. முழுமையாக்கும் (ரவுண்ட் செய்யும்) இடம் பற்றித்தான் யாரும் பேசிக்கொள்வதில்லை.

1999 பைசா விலையுள்ள மூன்று பொருள், 18 சதவீத ஜிஎஸ்டி. ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக வரி போட்டால் 359.82, முழுமையாக்க 360, மூன்றுக்கும் 1080 பைசா. மொத்தம் 5997-க்கு ஒரே தடவை வரி போட்டால் 1079.46, அதாவது 1079. அதே மொத்தத்துக்கு மத்திய வரி 9, மாநில வரி 9 என்று பிரித்துப் போட்டால் ஒவ்வொன்றும் 539.73; 540 வீதம் மறுபடி 1080. எல்லாமே பார்வைக்குச் சரியான கணக்குதான். பிரவுசர் ஒரு முறையிலும் சர்வர் இன்னொரு முறையிலும் போட்டால், திரையில் கண்ட தொகைக்கும் பில்லில் வந்த தொகைக்கும் ஒரு பைசா உதைக்கும். தொகை பொருந்தாத ஆர்டரை நிராகரிக்கும் நல்ல சர்வர் என்றால் ஆர்டரே விழாது. ஆகவே எந்த இடத்தில் முழுமையாக்குவது என்பதை உங்கள் கணக்காளரிடம் கேட்டு, ஒரே ஃபங்ஷனாக ஷேர்டில் வைத்துவிடுங்கள்.

ரீஃபண்டில் இன்னொரு கண்ணி இருக்கிறது. 50 பைசாவுக்கு 9 சதவீதம் 4.5 பைசா. 'மேத்.ரவுண்ட்' அதை 5 ஆக்கும். ரீஃபண்டுக்காக மைனஸ் 4.5 கொடுத்தால் மைனஸ் 4 தரும், ஏனென்றால் பாதியில் நிற்கும் எண்ணை அது எப்போதும் மேல்பக்கமாகவே தள்ளும். வாங்கியது 5, திருப்பியது 4. நேர் எண்ணாகக் கணக்கிட்டுவிட்டு, குறியைக் கடைசியில் சேர்ப்பதே சரி.

ஃபங்ஷனைப் பகிர்ந்துவிட்டோம் என்பதற்காகப் பிரவுசர் அனுப்பும் தொகையை சர்வர் நம்பக் கூடாது. பொருளின் எண்ணும் அளவும் வரட்டும். விலையை டேட்டாபேஸிலிருந்து எடுத்து சர்வர் மறுபடி கணக்கிடட்டும். பிரவுசர் அனுப்பிய தொகை ஒப்பிட்டுப் பார்க்க மட்டும்.

நேரம், இடம், மொழி

பகிர்ந்த ஃபங்ஷன் ஒன்றுதான், ஆனால் ஓடும் இடம் இரண்டு. ஃபங்ஷன் சூழலைப் பார்த்தால் விடையும் இரண்டாகும்.

'இன்றைக்கே டெலிவரி உண்டா' என்று சொல்லும் ஃபங்ஷனைப் பாருங்கள். உள்ளே 'நியூ டேட்' என்று எழுதித் தேதியை எடுக்கிறது. சர்வர் யூடிசி (உலகப் பொது) நேரத்தில் ஓடுகிறது. பயனர் இந்தியாவில் இருக்கிறார். இந்திய நேரம் ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பதால், நள்ளிரவு 12 மணி முதல் காலை 5:30 வரை சர்வருக்கு இன்னும் நேற்றைய தேதிதான். பகலில் எவ்வளவு சோதித்தாலும் இந்தப் பிழை தலைகாட்டாது. ஃபங்ஷன் கடிகாரத்தைத் தானே பார்க்காமல், நேரத்தையும் 'ஏசியா/கொல்கத்தா' என்ற நேர மண்டலத்தையும் ஆர்க்யுமென்ட்டாக வாங்கிக்கொள்ள வேண்டும். அப்படி எழுதினால் அதிகாலை 2 மணிக்கான டெஸ்ட்டையும் மதியமே ஓட்டிப் பார்த்துவிடலாம்.

தேதியை எழுத்தாக அனுப்புவதிலும் கவனம் வேண்டும். '2025-01-15' என்று தேதி மட்டும் கொடுத்தால் ஜாவாஸ்கிரிப்ட் அதை யூடிசி நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும். பின்னால் 'டி' போட்டு 00:00 சேர்த்தால் உள்ளூர் நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும். நியூயார்க்கில் இருந்து பார்க்கும் பயனருக்கு முதல் வகை 14-ஆம் தேதியாகத் தெரியும். பிறந்தநாள், டெலிவரி நாள் போன்று நேரம் இல்லாத தேதிகளை டேட் ஆப்ஜெக்ட் ஆக்கவே வேண்டாம். எழுத்தாகவே போகட்டும், எழுத்தாகவே வரட்டும்.

பகிர்ந்த டைப் பொய் சொல்லும் இடமும் இதுதான். ஆர்டர் டைப்பில் 'உருவான நேரம்: டேட்' என்று எழுதியிருக்கும். சர்வரில் அது உண்மை. ஜேசனாக, அதாவது அனுப்புவதற்கான எழுத்து வடிவமாக, மாறிப் பிரவுசருக்கு வரும்போது அது வெறும் எழுத்துச் சரம். கம்பைலர் திருப்தியாக இருக்கும், ஓடும்போது 'கெட்டைம்' ஒரு ஃபங்ஷன் இல்லை என்று உடையும். ஜேசனில் வேறு சேதங்களும் உண்டு: 'அன்டிஃபைண்டு' புலங்கள் காணாமல் போகும், 'நான்' (எண் அல்ல என்று குறிக்கும் மதிப்பு) 'நல்' ஆகும், மேப் காலி ஆப்ஜெக்ட் ஆகும், பிக்இன்ட் இருந்தால் எரர். கம்பியில் போகும் வடிவத்துக்கு ஒரு டைப், உள்ளே பயன்படுத்தும் வடிவத்துக்கு ஒரு டைப் என இரண்டாக வைத்து, வந்தவுடன் ஸ்கீமா (தரவின் வடிவம் எப்படி இருக்க வேண்டும் என்ற வரையறை) கொண்டு சோதித்து மாற்றிக்கொள்ளுங்கள். ஸாட் போன்ற லைப்ரரியில் ஸ்கீமாவை எழுதினால் டைப்பும் அதிலிருந்தே கிடைக்கும்.

சர்வரிலேயே பக்கத்தை வரைந்து அனுப்பும் ரியாக்ட் புராஜெக்ட்டுகளில் எண்ணும் நேரமும் காட்டும் இடங்கள் எல்லாம் ஹைட்ரேஷன் (சர்வர் வரைந்த பக்கத்தைப் பிரவுசரில் ரியாக்ட் ஏற்று இயக்குவது) தகராறுக்கு இடம். லொக்கேல் (மொழி, நாட்டு வழக்கு) கொடுக்காமல் 1234567-ஐ வடிவமைத்தால் சர்வர் 1,234,567 என்றும் பிரவுசர் 12,34,567 என்றும் எழுதலாம். லொக்கேல் கொடுத்தாலும் முழு உத்தரவாதம் இல்லை. தேதி, எண் வடிவங்களைத் தரும் ஐசியு லைப்ரரியின் 72-ஆம் பதிப்பு வந்தபோது, அமெரிக்க ஆங்கில வடிவத்தில் மணிக்கும் 'பிஎம்' என்பதற்கும் நடுவில் சாதாரண இடைவெளிக்குப் பதிலாக ஒடுக்கமான, உடையாத இடைவெளி வந்தது. நோட் 18.13-இல் அது இருந்தது. குரோம் பழைய இடைவெளிக்கே திரும்பிவிட்டது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு வரிகள் பொருந்தவில்லை என்று ரியாக்ட் புகார் சொல்லும். வடிவமைத்த எழுத்தை ஷேர்டில் உருவாக்காமல், மதிப்பை மட்டும் அனுப்பி, காட்டும் இடத்தில் வடிவமைப்பதுதான் பாதுகாப்பு.

தமிழ்ப் பெயர்கள்

தமிழில் பெயர் வாங்கும் ஃபார்ம் என்றால் இந்தப் பகுதி அவசியம். 'எழுத்துகள் மட்டும்' என்ற ரெஜெக்ஸை (எழுத்துச் சரத்தின் அமைப்பைச் சோதிக்கும் வாய்பாடு) யூனிகோடின் 'எழுத்து' வகையை மட்டும் வைத்து எழுதினால் 'தமிழ்' என்ற சொல்லே நிராகரிக்கப்படும். இகரக் குறியும் புள்ளியும் யூனிகோடில் 'குறி' வகையைச் சேர்ந்தவை. இரண்டு வகைகளையும் சேர்க்க வேண்டும். நிரலைப் பகிர்ந்தால் பிழையும் சேர்ந்தே பகிரப்படும் என்பதற்கு இது நல்ல உதாரணம். இரண்டு பக்கமும் ஒரே குரலில் தவறான விடை சொல்வதால், எங்கும் முரண்பாடு தென்படாது.

நீளம் இன்னொரு சிக்கல். 'தமிழ்' என்பது நமக்கு மூன்று எழுத்து. ஜாவாஸ்கிரிப்டின் 'லெங்த்' 5 என்னும். கோ மொழியின் 'லென்' பைட்டுகளை எண்ணி 15 என்னும். 'கொடி' என்பதில் ஒகரக் குறியை ஒற்றைக் குறியாகவும் எழுதலாம், கொம்பு, கால் என இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, லெங்த் 4-ஆ 5-ஆ என்பது மட்டும் மாறும். ஒரே பெயரைத் தேடினால் கிடைக்காமல் போவதற்கும் இது காரணமாகும். உள்ளே வந்ததும் முதல் வேலையாக என்எஃப்சி (பிரிந்த குறிகளைச் சேர்த்து எழுதும் யூனிகோடு) வடிவத்துக்கு நார்மலைஸ் செய்யும் ஃபங்ஷன் ஷேர்டில் இருக்கட்டும். எழுத்து எண்ணிக்கையைப் பயனருக்குக் காட்ட 'இன்ட்ல்.செக்மென்டர்' இருக்கிறது, அது மூன்று என்று சரியாகச் சொல்லும்.

பல வரிகள் எழுதும் பெட்டியிலும் எண்ணிக்கை மாறும். பிரவுசருக்குள் வரி முடிவு ஒரு குறி. பழைய பாணியில் ஃபார்மாக சமர்ப்பித்தால் ஒவ்வொரு வரி முடிவும் இரண்டு குறிகளாகப் போகும். 500 எழுத்து வரம்புக்குள் சரியாக நின்ற முகவரிக் குறிப்பை சர்வர் திருப்பி அனுப்புவது இதனால்தான்.

ஒரு ரெஜெக்ஸ், இரண்டாவது பயனர்

பின்கோடு ரெஜெக்ஸ் ஒன்றை ஷேர்டில் கான்ஸ்டன்ட்டாக வைத்திருக்கிறீர்கள். யாரோ பழக்கதோஷத்தில் அதற்கு 'ஜி' கொடியை (எல்லாப் பொருத்தங்களையும் தேடச் சொல்லும் குறி) சேர்த்துவிட்டார். முதல் பயனர் 600001 கொடுக்கிறார், சரி என்கிறது. ரெஜெக்ஸ் தான் எங்கே நிறுத்தியது என்பதை, அதாவது 6 என்ற இடத்தை, நினைவில் வைத்துக்கொள்கிறது. அடுத்த பயனரும் 600001 கொடுக்கிறார். ஆறாவது இடத்திலிருந்து தேடுகிறது, ஒன்றும் இல்லை, தவறு என்கிறது, நினைவைப் பூஜ்யமாக்குகிறது. மூன்றாமவருக்கு மறுபடி சரி. பயனர் 'திரும்ப அழுத்தினேன், போய்விட்டது' என்பார், சோதிப்பவருக்குப் பிடிபடாது. 'டெஸ்ட்' மட்டும் செய்யும் ரெஜெக்ஸுக்கு அந்தக் கொடி தேவையே இல்லை.

இதன் வேர் பெரியது. பிரவுசரில் ஒரு மாட்யூல் ஒரே ஆளுக்குச் சொந்தம். சர்வரில் அதே மாட்யூல் அந்த நொடியில் வந்திருக்கும் அத்தனை பேருக்கும் பொது. 'தற்போதைய பயனர்' என்று மாட்யூலின் தலைப்பில் ஒரு மாறி வைத்தால், பிரவுசரில் அது அழகாக ஓடும். சர்வரில் ஒருவரின் முகவரி இன்னொருவரின் திரையில் வந்து நிற்கும். ஷேர்டு ஃபோல்டரில் மாட்யூல் அளவில் மாறக்கூடிய மாறியே கூடாது என்று லின்ட் (நிரலைத் தானாகச் சோதிக்கும் கருவி) விதி போடுங்கள்.

ரெஜெக்ஸ் பற்றி இன்னொன்று. லுக்பிஹைண்ட் (முன்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கும் ரெஜெக்ஸ் வசதி) நோட்டிலும் குரோமிலும் பல ஆண்டுகளாக இருக்கிறது, சஃபாரியில் 2023-இல் வந்த 16.4-இல்தான் சேர்ந்தது. அதற்கு முந்தைய ஐபோனில் அந்த ஒரு ரெஜெக்ஸ் இருந்தால் அது சின்டாக்ஸ் எரர், ஃபைல் முழுவதுமே ஓடாது. சர்வரில் டெஸ்ட் எல்லாம் பச்சையாக இருக்கும், போனில் வெள்ளைத் திரை.

டெப்ளாய் ஆன பிறகு

ஒரே ரெப்போ, ஒரே கமிட், ஒரே டைப். ஆனாலும் ஓடும் நேரத்தில் இரண்டு பக்கமும் ஒரே பதிப்பில் இருக்கும் என்ற உறுதி இல்லை. நேற்றுத் திறந்து வைத்த டேப் இன்னும் நேற்றைய நிரலைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறது.

'லேண்ட்மார்க்' என்ற புதுப் புலத்தைக் கட்டாயமாக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஸ்கீமாவில் சேர்த்து ஒரே டெப்ளாயில் அனுப்பினால், பழைய டேப்பில் ஆர்டர் போடுபவருக்கு, திரையிலேயே இல்லாத ஒரு பெட்டியை நிரப்பச் சொல்லி எரர் வரும். முதலில் சர்வர் அதை விருப்பப் புலமாக ஏற்கட்டும். அடுத்து பிரவுசர் அதை அனுப்பத் தொடங்கட்டும். அது இல்லாமல் வரும் ரிக்வெஸ்ட்டுகள் நின்றுவிட்டன என்று லாகில் பார்த்த பிறகு கட்டாயமாக்குங்கள். புலத்தை நீக்க இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும்.

ஆர்டர் நிலைகளின் பட்டியலில் புதிதாக ஒன்றைச் சேர்ப்பதும் இப்படித்தான். 'எல்லா நிலைகளையும் கையாண்டுவிட்டேன்' என்று கம்பைலர் சான்று தந்த பழைய டேப்புக்குப் புது நிலை தெரியாது. தெரியாத நிலை வந்தால் பொதுவாக 'செயல்பாட்டில்' என்று காட்டும் கிளை ஒன்று எப்போதும் இருக்க வேண்டும். ஒவ்வொரு பதிலின் ஹெடரிலும் பில்டு எண்ணை அனுப்பி, மாறியிருந்தால் அடுத்த பக்கத்துக்குப் போகும்போது முழுதாக ரீலோட் செய்யுங்கள். ஃபார்ம் பாதியில் இருக்கும்போது செய்துவிடாதீர்கள். முந்தைய பில்டின் ஃபைல்களைச் சில நாள் சர்வரில் விட்டு வையுங்கள். இல்லாவிட்டால் பழைய டேப் தேவைப்படும்போது கேட்கும் துண்டு ஃபைலுக்கு 404 வரும்.

சர்வர் வேறு மொழியில் இருந்தால்

பைத்தானிலோ கோ மொழியிலோ சர்வர் இருந்தால் ஃபங்ஷனைப் பகிர முடியாது. ஜேசன் ஸ்கீமா, ஓபன்ஏபிஐ போன்ற பொது வரையறைகளைக் கொண்டு வடிவத்தைப் பகிரலாம். விதிகளின் நுணுக்கம் அதில் அடங்காது. பைத்தான் 3-இன் ரெஜெக்ஸில் 'இலக்கம்' என்ற குறியீடு ௬௦௦௦௦௧ என்ற தமிழ் இலக்கங்களையும் ஏற்கும். ஜாவாஸ்கிரிப்டில் 0 முதல் 9 வரை மட்டும். பைத்தானின் 'ரவுண்ட்' 2.5-ஐ 2 ஆக்கும், ஜாவாஸ்கிரிப்ட் 3 ஆக்கும்.

இங்கே பகிர வேண்டியது சோதனை அட்டவணையை. ஒரு ஜேசன் ஃபைலில் உள்ளீடு, எதிர்பார்க்கும் விடை என்று முப்பது, நாற்பது வரிகள் எழுதிவையுங்கள்: 600001, 060001, முன்னால் இடைவெளி விட்டது, பின்னால் வரி முடிவு ஒட்டிக்கொண்டது, தமிழ் இலக்கத்தில் எழுதியது, இரண்டு வகைக் 'கொடி', 4.5 பைசா, மைனஸ் 4.5 பைசா, இந்திய நேரம் அதிகாலை 2 மணி. இரண்டு பக்க டெஸ்ட்டும் அதே ஃபைலைப் படிக்கட்டும். விடையில் எரர் வாக்கியத்தை எழுதாமல் 'பின்கோடு_தவறு' போன்ற குறியீட்டை மட்டும் எழுதுங்கள். அதைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ வாக்கியமாக்கும் வேலை திரைக்கு உரியது. பயனர்களிடம் ஓடும் பதிப்பில் புதிதாக ஒரு பிழை சிக்கினால், திருத்தும் முன் அதை அந்த ஃபைலில் ஒரு வரியாகச் சேர்த்து, இரண்டு பக்கமும் ஓட்டிப் பாருங்கள். எந்தப் பக்கம் விழுகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும்.